சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள்

9 ஜூலை 1962, திங்கள்

விடியலிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி அப்படியே ஈரமாக. இந்தத் தீவில், எங்கள் போ பசானில், ஜூலை என்றால் இதுதான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். தனியாக. வீட்டில் பல்வலி என்று சொல்லிவிட்டு.

டாக்டர் சின்ன வயது. லண்டனில் படித்து வந்தவராம். பிரெஞ்சில் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் கிரயோல் பேச்சுக்கு வந்தார். மாதத்தில் பாதி நாள் போகிறது, சில சமயம் கட்டியாக, என்றேன். எவ்வளவு காலமாக என்றார். பொங்கலிலிருந்து. பொங்கல் எப்போது? ஜனவரியில். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் இவ்வளவு நாள் வரல, மதாம்?"

நாற்பத்தைந்து வயதில் இதெல்லாம் வரும் போகும் என்று நினைத்தேன். வெட்கம் என்றும் சொல்லலாம்.

செய்யப் போவதன் பெயர் 'க்யூர்தாஜ்'. கருப்பையின் வாயை மெல்ல விரித்து, உள்ளே இருக்கும் தோலைச் சுரண்டி எடுப்பார்களாம். சட்டியில் ஒட்டியதைச் சுரண்டுவதற்கு நாங்கள் சொல்லும் அதே கிரயோல் சொல்லைத்தான் அவரும் சொன்னார். வெட்டு இல்லை. தையல் இல்லை. மயக்க மருந்து உண்டு. மறுநாள் வீடு. "சின்ன ஆபரேஷன்தான்." எடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவார்கள்.

"எதுக்கு சோதனை?"

"உறுதி பண்ணிக்க."

எதை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த திங்கள் வந்து படுக்க வேண்டும்.

சாயங்காலம் இவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "பல் எப்படி இருக்கு?" பரவாயில்லை என்றேன். கிராம்பு வாங்கி வந்திருந்தார், ஒரு பொட்டலம்.

11 ஜூலை, புதன்

சொல்லிவிட்டேன்.

கிராம்புதான் காரணம். இன்று காலையும் எடுத்து நீட்டினார், "வச்சுக்கோ, கடிச்சுக்கோ" என்று. பொய்யை வாயில் வைத்துக் கடிக்க முடியவில்லை. எல்லாம் சொன்னேன், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

தொப்பியை எடுத்தார். பஸ் ஓட்டப் போய்விட்டார். கோபமா, பயமா, எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் ஆகியும் தெரியவில்லை.

பகல் முழுக்க கை வேலை செய்தது, மனசு செய்யவில்லை. பருப்பு இரண்டு முறை தீய்ந்தது.

மாலை வந்தார். நாற்காலியில் உட்காராமல், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி:

"முந்தின ராத்திரிக்கு அப்புறம் சாப்பிடக் கூடாது. தண்ணிகூடக் கூடாது. சாப்பிட்டா மயக்கத்துல வாந்தி வந்து மூச்சு அடைக்கும். பழைய துணி நிறைய எடுத்துட்டுப் போகணும். எழுந்ததும் தலை சுத்தும், நீயா கட்டில்லேருந்து இறங்கக் கூடாது. வயிறு ரெண்டு நாள் பிடிச்சு வலிக்கும், மாசாமாசம் வர்ற மாதிரி. கொஞ்சம் படும். நாத்தம் அடிச்சா, காய்ச்சல் வந்தா, உடனே ஆஸ்பத்திரி."

"யார் சொன்னாங்க?"

"சோமு பொண்டாட்டி. அவளுக்குப் போன வருஷம் பண்ணாங்க."

சோமு அவருடைய கண்டக்டர். போர்ட் லூயிஸ் நிலையத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, சோமுவின் வீட்டுக்கே நடந்து போய், அவன் மனைவியிடம் கேட்டிருக்கிறார். லீலா பிறந்தபோது மருத்துவச்சியிடம் "எல்லாம் சரியா?" என்றுகூடக் கேட்காமல் வெளியே மாமரத்தடியில் நின்றிருந்த மனுஷர்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"இருந்துச்சு" என்றார். "ரெண்டு பேரும் தரையைப் பார்த்துக்கிட்டேதான் பேசினோம்."

சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு இல்லை. அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

15 ஜூலை, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது.

நேற்று கோயில் பக்கத்துக் கொட்டகையில் என் தமிழ் வகுப்பு. 'ற'வும் 'ர'வும். பிள்ளைகள் இரண்டையும் பிரெஞ்சு மாதிரி தொண்டையில்தான் சொல்கிறார்கள். அடுத்த வாரம் விடுமுறை என்றதும் கைதட்டினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்லது. கொட்டகையோடு சரி, கோயிலுக்குள் போய் ஆறு மாதம். பூசாரியின் மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

லீலா வந்தாள், பிளேன் மாக்னியனிலிருந்து முதல் பஸ்ஸில். மாப்பிள்ளைக்கு விமான நிலையத்தில் ஞாயிறும் வேலை. இவர்தான் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வந்ததும் பையை வீசினாள்.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"சொல்ற விஷயமா இது?"

"பின்ன எது சொல்ற விஷயம்?"

என் அம்மாவின் கதையை அவளிடம் இன்றுதான் சொன்னேன். சுயாக்கில், நான் பிறந்த ஊரில், கரும்புத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்த வருஷம். அம்மாவுக்கும் இப்படித்தான் போய்க்கொண்டே இருந்தது. விடியுமுன்னே ஆற்றில் தனியாகத் துணி அலசுவாள். முகம் மெழுகு மாதிரி ஆயிற்று. வயலில் சரிந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. தூக்கி வந்தபோதுதான் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அப்படி ஒரு வழக்கம்.

லீலா என் தலையை அவிழ்த்து, எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள், சின்னப் பெண் மாதிரி. மயக்கத்தில் தலை உருண்டாலும் சிக்கு விழாதாம்.

எடுத்துப் போக: பழைய வேட்டி கிழித்த துணி. கம்பளிச் சட்டை. சீப்பு. சோப்பு. சின்ன முருகன் படம். இந்த நோட்டு. பென்சில்.

16 ஜூலை, திங்கள். ஆஸ்பத்திரி

நீள வார்டு. இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில். ஃபீனால் வாசனை. என் கட்டில் ஜன்னலோரம்.

கழுத்தில் கையில் ஒன்றும் இருக்கக் கூடாதாம். வளையல், மூக்குத்தி கழற்றினேன். நர்ஸ் தாலிக்கொடியைக் காட்டினாள். நின்றேன். அவளும் நின்றாள், நல்ல பெண், அவசரப்படுத்தவில்லை. "பா பேர், மதாம்" என்றாள். பயப்படாதே என்று.

இவர்தான் முன்னால் வந்தார். கொடியின் திருகு இறுகிப்போய், அதைத் திறக்க இவர் விரலால்தான் முடியும். கழற்றினார். எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார். கடைசியில் தன் கழுத்தில் மாட்டி, காக்கிச் சட்டைக்கு உள்ளே விட்டு, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"இப்படியே பஸ் ஓட்டுவீங்களா?"

"யாருக்குத் தெரியும்?"

போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அழுதிருப்பார்.

பக்கத்துக் கட்டில்: ஆர்லெட் முத்து. ரோஸ்-ஹில்லில் தையற்காரி. நாற்பது இருக்கும். விதவை. கழுத்தில் மாதா பதக்கம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம். தாத்தா தமிழராம். "தஞ்சாவூர்னு ஒரு ஊர் நெசமாவே இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். நானும் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த தமிழ் நாலைந்து சொல். அதில் ஒன்று 'அக்கா'. உடனே எனக்கு வைத்துவிட்டாள்.

அவளுக்கும் நாளைக்கு இதேதான். முன்னே ஒரு முறை பிள்ளை கலைந்தபோது செய்திருக்கிறார்களாம். அதனால் எனக்கு வாத்தியார் ஆகிவிட்டாள்.

"காலைல எனிமா. அது ஒண்ணுதான் நிஜமான கஷ்டம். அப்புறம் கையில ஒரு ஊசி, வாய் பஞ்சு மாதிரி காஞ்சுடும். தள்ளுவண்டி. மேலே பெரிய விளக்கு. இன்னொரு ஊசி, எண்ணச் சொல்வாங்க. எண்ணுவ. அப்புறம் யாரோ கன்னத்தைத் தட்டுவாங்க."

"நடுவுல?"

"நடுவே கிடையாது, அக்கா. அதான் அதிசயம். தூக்கத்துலகூட கொஞ்சம் நேரம் போன மாதிரி இருக்கும். இதுல அதுவும் இல்ல."

"கண்ணு முழிக்காட்டி?"

யோசித்தாள். "முழிக்காட்டி உனக்குத் தெரியவா போகுது? எனக்குத்தான் பக்கத்துக் கட்டில் காலியாகி போரடிக்கும்."

இப்படியும் ஒரு ஆறுதல். ஆனால் ஆறியது.

17 ஜூலை, செவ்வாய்

எழுத்து கோழி கிளறியது மாதிரி. பரவாயில்லை, என் பிள்ளைகள் பார்க்கப் போவதில்லை.

முடிந்துவிட்டது.

வரிசையாக எழுதிவைக்கிறேன், மறக்குமுன். எனிமா: ஆர்லெட் சொன்னது உண்மை. சவரம்: கண்ணை மூடிக்கொண்டேன். ஊசி: வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. தள்ளுவண்டியில் படுத்துப் போகும்போது உத்தரம் மட்டும்தான் தெரிகிறது. ஒரு இடத்தில் பல்லி. அந்த அறை குளிர். கால்களை உயர்த்தி வார் போட்டுக் கட்டுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் மோசம். ஒரு நர்ஸ் உடனே போர்வையை இழுத்து மூடினாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

மயக்க மருந்து டாக்டர் சீனர், கண்ணாடி போட்டவர், மெதுவான குரல். முழங்கை மடிப்பில் ஊசி வைத்துக்கொண்டு, "எண்ணுங்க, மதாம்."

"எந்த பாஷையில?"

"உங்களுக்குப் பிடிச்சதுல."

தமிழில் எண்ணினேன். ஒன்று. இரண்டு. தொண்டையின் பின்னால் பூண்டு ருசி, யாரோ வாயில் பூண்டு தேய்த்தது மாதிரி. மூன்று. ரப்பர் மூடி முகத்தருகே, தித்திப்பான ஒரு நாற்றம். நான்கு சொன்னேனா தெரியாது.

கன்னத்தில் தட்டு. "மதாம்! மதாம்! முடிஞ்சுது."

நடுவே இல்லை. ஆர்லெட் சொன்னபடியே. இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று சண்டை போட்டேனாம்.

பிறகு வாந்தி, இரண்டு தடவை, வெறும் புளிப்புத் தண்ணீர். அடிவயிற்றில் பிடித்து இழுக்கிற வலி, பிள்ளைப்பேற்றுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தாகம். ஒரு மிடறு ஒரு மிடறாகத்தான் கொடுத்தார்கள். கன்னத்தில் ஏனோ கண்ணீர். வருத்தம் இல்லை, தானாக வழிந்தது. மருந்து செய்கிற வேலை என்றாள் நர்ஸ், பலருக்கும் வருமாம்.

மயக்கம் தெளியும்போது, வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற மாதிரி, தமிழில் ஏதோ அதட்டினேன் என்கிறாள் ஆர்லெட். "கை கட்டு! கை கட்டு!" எனக்கு அப்புறம் உள்ளே போய் வந்தவள், அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நர்ஸ் சொல்லியிருக்கிறாள். வார்டு முழுக்க இப்போது ஒருவரையொருவர் 'கைகட்டு' என்கிறார்கள். அர்த்தம் தெரியாமல்.

பார்வை நேரத்தில் இவர். ஓட்டுநர் உடையோடு நேரே. பக்கத்தில் நின்று என் நெற்றியைத் தொட்டார். எல்லார் முன்னாலும். கழுத்துப் பொத்தான் போட்டபடியே இருந்தது.

18 ஜூலை, புதன்

வீடு. டாக்டர் பார்த்து அனுப்பினார். கனம் தூக்கக் கூடாது, தொட்டியில் உட்கார்ந்து குளிக்கக் கூடாது. நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சில வாரம் புருஷனோடு சேரக் கூடாது என்றாள். இதை எப்படி இவரிடம் சொல்வது என்று வழியெல்லாம் யோசனை. வந்து பார்த்தால் முன் அறையில் இவருக்குத் தனியாகப் பாய், தலையணை.

"சோமு பொண்டாட்டி அதையும் சொல்லிச்சு" என்றார், சுவரைப் பார்த்து.

தாலி கழுத்துக்கு வந்துவிட்டது. அவர் உடம்புச் சூடு இருந்தது அதில்.

சோதனை முடிவு முப்பத்தொன்றாம் தேதி. ஆர்லெட்டுக்கும் அன்றைக்கே.

22 ஜூலை, ஞாயிறு

மழை. கொஞ்சமாகப் படுகிறது, பழுப்பாக. நாற்றம் இல்லை. காய்ச்சல் இல்லை. தினமும் காலையில் இவர் புறங்கையால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்.

சமையல் அவருடையது. தக்காளி ருகாய்க் குழம்பு வைத்தார், அடிப்பிடித்து, உப்பு இரண்டு முறை போட்டு. முழுவதும் சாப்பிட்டேன். எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்தார்.

"நல்லா இருக்கு."

"பொய் சொல்லாதே. பல்வலின்னு சொன்னவதானே நீ."

பகலில் சும்மா படுத்திருக்கும்போதுதான் வருகிறது அந்த நினைப்பு. என்னிடமிருந்து எடுத்தது ஏதோ கண்ணாடிக் குப்பியில், யாரோ மேஜையில். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். எனக்குத்தான் தெரியாது.

இதை இவரிடம் சொன்னேன். இந்தத் தடவை உடனே சொன்னேன்.

"எனக்கும் அதேதான்" என்றார். "வண்டி ஓட்டும்போதுகூட. நேத்து ஒரு நிறுத்தத்துல நிறுத்தாமப் போயிட்டேன்."

31 ஜூலை, செவ்வாய்

இன்று நடந்ததை எந்த வரிசையில் எழுதுவது.

வெயில். இவர் லீவு போட்டு வந்தார். தாழ்வாரத்து பெஞ்சில் ஆர்லெட் ஏற்கெனவே இருந்தாள், தொப்பி வைத்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவது மாதிரி. என்னைப் பார்த்ததும் "கைகட்டு!" என்றாள். சிரித்தோம்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். டாக்டர் சிரித்தபோதே தெரிந்துவிட்டது. கெட்டது ஒன்றும் இல்லை. வயது மாறுகிற காலம், அவ்வளவுதான். இரத்தம் குறைந்திருக்கிறது, இரும்பு மாத்திரை, கீரை, ஈரல். "இனிமே ஆறு மாசம் காத்திருக்காதீங்க." தலையாட்டினேன். கால் தரையில் படவில்லை.

வெளியே வந்தேன். இவர் எழுந்தார். ஒன்றுமில்லை என்று கையால் காட்டினேன். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, முருகா முருகா என்று. அவருக்குத் தமிழில் அந்த ஒரு சொல் போதும்.

ஆர்லெட்டைக் கூப்பிட்டார்கள். கதவு மூடியது. மூடியே இருந்தது. இவர் வாசலில் போய்ப் பருப்பு வடை வாங்கி வந்தார். வடை ஆறியது.

வந்தாள். தொப்பியைச் சரிசெய்தபடி.

"பூராவும் எடுக்கணுமாம், அக்கா. பையோட."

நகர்ந்து அவளுக்குப் பெஞ்சில் இடம் விட்டேன்.

"சீக்கிரம் தெரிஞ்சுது, நல்லதுன்னு சொல்றாங்க. எடுத்துட்டா சரியாப் போயிடும்னு சொல்றாங்க. டாக்டர் ரெண்டு தடவை சொன்னார். ஒரு தடவை எனக்கு, ஒரு தடவை அவருக்கே சொல்லிக்கிட்ட மாதிரி." பிறகு: "உனக்கு?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு கூசியது. ஏதோ அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது மாதிரி. "ஒண்ணும் இல்லையாம்" என்றேன், மெதுவாக.

என் முகத்தை இரண்டு கையிலும் பிடித்து, இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று. "அப்பாடா" என்றாள். "ஒருத்தியாவது." அவள் கை குளிர்ந்து கிடந்தது.

இவர் வடைப் பொட்டலத்தை முதலில் அவளிடம் நீட்டினார். எடுத்துக்கொண்டாள். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம்.

3 ஆகஸ்ட், வெள்ளி

ஆடி வெள்ளி. காற்று. படுவது நின்று ஒரு வாரம். தலைக்குக் குளித்து கோயிலுக்குப் போனேன், உள்ளே. புதுப் புடவை இல்லை, ஆனால் புது ரவிக்கை, கட்டிலில் இருந்த நாளில் கையால் தைத்தது. அம்மன் முன்னால் போய் நின்றேன். எனக்காகக் கேட்க ஒன்றும் இல்லை. ஆர்லெட் என்ற பெயர் அம்மனுக்குப் புரியுமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. முத்து வீட்டுப் பெண் என்று சொன்னேன்.

கஞ்சி ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து ரோஸ்-ஹில். அவள் இயந்திரத்தில் யாருக்கோ கல்யாண உடை தைத்துக்கொண்டிருந்தாள். அதை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாளாம். வெள்ளைத் துணி வீடெல்லாம்.

கோயிலிலிருந்து நான் கொண்டுபோன விபூதிப் பொட்டலத்தை மாதா சிலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டு பேரும் பேசிக்கட்டும்" என்றாள்.

கஞ்சி குடிக்கும்போதுதான் அழுதாள். முதல் தடவை பார்க்கிறேன். "இந்தத் தடவை வெட்டுவாங்க, அக்கா. எனக்குத் தெரியாத ஆபரேஷன். யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது." அவளுடைய அக்கா சுயாக்கில், படுத்த படுக்கை, வர முடியாது. வேறு யாரும் இல்லை.

நான் வருகிறேன் என்றேன்.

8 ஆகஸ்ட், புதன். ஆஸ்பத்திரித் தாழ்வாரம்

முதல் பஸ்ஸில் இவர்தான் கொண்டுவந்து விட்டார், தன் வண்டியிலேயே, பின்னால் பயணிகளோடு. இறங்கும்போது ஹாரன் அடித்தார்.

ஆர்லெட்டைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் கையை விட்டபோது வாய் காய்ந்து பேச முடியவில்லை அவளுக்கு. கண்ணடித்தாள்.

காத்திருக்கிறேன். பெஞ்சு குளிர். எதிர்ச் சுவரில் ஈரக்கறை. ஒரு தாய் பிள்ளைக்கு மரவள்ளிக்கிழங்கு ஊட்டுகிறாள். மணியைப் பார்க்க வேண்டாம் என்று முடிவு.

என்னுடையதைவிட மிகவும் நீளம்.

டாக்டர் வெளியே வந்தார், முகமூடி கழுத்தில் தொங்க. என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சுத்தமா எடுத்தாச்சு. பரவின மாதிரி தெரியல." இன்னும் ஏதோ சொன்னார். காதில் விழவில்லை.

வார்டு வாசலில் புது நர்ஸ். சொந்தக்காரர்தான் உள்ளே போகலாமாம். "நீங்க யாரு அவங்களுக்கு?"

"அக்கா."

என் நெற்றியைப் பார்த்தாள், திருநீறு. கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள், மரி-ஆர்லெட். மறுபடி என்னை. நகர்ந்து வழிவிட்டாள்.

ஆர்லெட் வெளுத்துக் கிடந்தாள். உதடு வெடித்து. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன். ஒற்றிக்கொண்டே இருந்தேன். கூப்பிட்டேன். இமை அசைந்தது, மூடியது, மறுபடி அசைந்தது. கண் திறந்து எங்கோ சுற்றி, என் தோளில் வந்து நின்றது. அங்கேயே ரொம்ப நேரம்.

"இந்த ரவிக்கையை யார் தைச்சது?" என்றாள், குரலே இல்லாமல். "கை கோணல். கழட்டிக் கொடு, பிரிச்சுத் தைக்கணும்."